"மெனா" என்ற பேர் எங்கிருந்து வந்தது? துணையில்லாமல் நாடு கடந்து வரும் பிள்ளைகளைக் குறிக்கும் சொற்கள்

மலர்விழி_பார்சிலோனா

எல்லோருக்கும் வணக்கம். தமிழ் விக்கிக்கு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். தலைப்பிலேயே சிக்கி நிற்கிறேன், அதனால்தான் இந்த இழை.

ஸ்பெயினில் தொலைக்காட்சியைப் போட்டால் நாள் தவறாமல் காதில் விழும் சொல் "மெனா". "மெனோர் எக்ஸ்த்ரான்ஹேரோ நோ அகொம்பன்யாதோ" என்பதன் முதலெழுத்துகள். வெளிநாட்டைச் சேர்ந்த, 18 வயது நிரம்பாத, கூடப் பெரியவர் யாரும் இல்லாமல் வந்த பிள்ளை என்று பொருள். முன்பெல்லாம் பெரிய எழுத்தில் சுருக்கமாக எழுதுவார்கள். இப்போது செய்தித்தாள்களே சின்ன எழுத்தில், பன்மை விகுதியும் சேர்த்து "மெனாஸ்" என்று எழுதுகின்றன. சுருக்கெழுத்து என்பதே மறந்து, ஒரு சாதிப் பெயர் மாதிரி ஆகிவிட்டது. என் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் மெனா என்றால் என்னவென்று கேட்டேன். "மொரோக்கோக்காரப் பையன்கள், பை பறிக்கிறவர்கள்" என்றார். மனதில் எந்தக் கள்ளமும் இல்லாத நல்ல மனுஷி அவர். ஆனால் அவர் சொன்ன விளக்கத்தில் குழந்தை என்பதே வரவில்லை.

இரண்டு கேள்விகள். இந்தச் சொற்கள் எப்படிப் பிறந்தன? தமிழில் எந்தப் பெயரில் எழுதலாம்?

அறிவழகன்_வக்கீல்

நல்ல கேள்வி அம்மா. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் "துணையில்லாத" என்ற சொல்லின் வரலாறு ஒரே திசையில் போகவில்லை.

நான் அறிந்தவரை குடிவரவுச் சட்டத்தில் இந்தச் சொல் அழுத்தமாக வருவது அமெரிக்காவின் 1907ஆம் ஆண்டுச் சட்டத்தில். உள்ளே விடக் கூடாதவர்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் பெற்றோரில் ஒருவராவது கூட வராத, 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள். அமைச்சர் விரும்பினால் விலக்குத் தரலாம். ஆக, அங்கே துணையில்லாமை திருப்பி அனுப்புவதற்கான காரணம். இத்தனைக்கும் 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவுக் குடிவரவு நிலையம் திறந்தபோது முதல் ஆளாக இறங்கிப் பதிந்தவர் ஆனி மூர் என்ற அயர்லாந்துப் பெண். பதின்ம வயது. இரண்டு தம்பிகளைக் கூட்டிக்கொண்டு, நியூயார்க்கில் இருந்த பெற்றோரிடம் வந்தவர். அவரை வரவேற்று ஒரு தங்கக் காசு கொடுத்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அதே சொல் திசை மாறுகிறது. முகாம்களிலும் பண்ணைகளிலும் மடங்களிலும் தனியாகக் கிடந்த பிள்ளைகளைத் தேடிப் பதிவு செய்த ஐ.நா. நிவாரண அமைப்பு அவர்களைத் "துணையில்லாத பிள்ளைகள்" என்றுதான் குறித்தது. அங்கே அதன் பொருள், இந்தப் பிள்ளைக்கு ஆள் தேட வேண்டும், அதுவரை நாம்தான் ஆள் என்பது. 1951 அகதிகள் மாநாட்டின் இறுதி ஆவணத்திலும் "துணையில்லாத பிள்ளைகள், சிறுமிகள்" என்று தனியாகச் சொல்லி, அவர்களுக்குக் காப்பாளர் ஏற்பாடு வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். 1989 குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 22ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், பிள்ளை பெற்றோருடன் வந்தாலும் வராவிட்டாலும் பாதுகாப்பு ஒன்றே என்றது.

ஐரோப்பிய ஒன்றிய அமைச்சர் அவை 1997 ஜூன் 26 அன்று, ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து துணையின்றி வரும் சிறார் பற்றி ஒரு தீர்மானம் போட்டது. ஸ்பெயின் அலுவலகக் கோப்புகளில் மெனா ஊன்றியது அதற்குப் பின்னால்தான். இன்றும் அங்கே ஒரு பதிவேடே அந்தப் பெயரில் இருக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான். சட்டத்தில் இந்தச் சொல் அந்தப் பிள்ளையின் குணத்தைச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, அதில் அரசு உட்கார வேண்டும் என்று சொல்கிறது. அது அரசின் தலையில் வைத்த கடமை. அந்தக் கடமை மறைந்து பிள்ளையின் மேல் ஒட்டிய முத்திரையாக மாறினால், சொல் தலைகீழாகிவிட்டது என்று பொருள்.

கோபி_வியாசர்பாடி

அறிவழகன் சார், வரலாறு அருமை. ஆனால் எனக்கு ஒரு ஆட்சேபம் இருக்கிறது. மெனா வேண்டாம் என்று வேறு ஒரு பெயர் வைத்தால் பத்து வருஷத்தில் அதுவும் வசையாகிவிடும். பிள்ளை எங்கே தூங்குகிறான், பள்ளிக்கூடம் போகிறானா, வசிப்பு அனுமதிக் காகிதம் கிடைத்ததா என்று பாருங்கள். பேரை மாற்றுவது அரசுக்கு ரொம்ப மலிவான வேலை.

மலர்விழி_பார்சிலோனா

கோபி, நீங்கள் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். மீதிப் பாதிக்கு இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

2021 ஏப்ரலில் மாட்ரிட் மாகாணத் தேர்தல் பிரசாரம். சோல் ரயில் நிலையத்தில் வோக்ஸ் என்ற தீவிர வலதுசாரிக் கட்சி பெரிய விளம்பரம் ஒட்டியது. ஒரு பக்கம் முகத்தை மூடிய இளைஞன், மறுபக்கம் ஒரு பாட்டி. "ஒரு மெனாவுக்கு மாதம் 4,700 யூரோ, உன் பாட்டிக்கு ஓய்வூதியம் மாதம் 426 யூரோ." காப்பகத்தின் மொத்தச் செலவைத் தலைக்கு வகுத்து, அந்தப் பையனின் கையில் கொடுப்பது போலக் காட்டினார்கள். அரசு வழக்கறிஞர்கள் வழக்குக்குப் போனார்கள். ஜூலையில் மாட்ரிட் மாகாண நீதிமன்றம் அது வெறுப்புக் குற்றம் ஆகாது என்று சொல்லிவிட்டது.

அந்த வாசகத்தில் மெனா இருந்த இடத்தில் "பெற்றோர் கூட இல்லாத ஒரு பிள்ளைக்கு" என்று போட்டுப் பாருங்கள். விளம்பரம் நிற்காது. சுருக்கெழுத்து இருந்ததால்தான் அது நின்றது. அதற்கு முன்பே, 2019 டிசம்பரில், மாட்ரிட்டின் ஒர்த்தலேஸா பகுதியில் இந்தப் பிள்ளைகள் இருந்த காப்பகத்துக்குள் ஒரு கைக்குண்டு வந்து விழுந்தது. போலீசார் வந்து செயலிழக்கச் செய்தார்கள். அதனால் சொல் வெறும் சொல்தானே என்று என்னால் இருக்க முடியவில்லை.

யாழ்வாணன்_பிராங்பேர்ட்

வணக்கம் அக்கா. ஜேர்மனிக் கதையை நான் சொல்கிறேன், இது எங்கள் ஆட்களுக்கும் நேரடித் தொடர்பு உள்ள கதை.

எண்பதுகளில் பிராங்பேர்ட் விமான நிலையத்தில் தனியாக வந்து இறங்கிய பிள்ளைகளில் ஈரான், எரித்திரியாப் பிள்ளைகளோடு இலங்கைத் தமிழ்ப் பெடியளும் இருந்தார்கள். என் பெரியம்மாவின் மகன் அப்படி வந்தவர்தான். காணியை ஈடு வைத்து, ஏஜென்சிக்காரனிடம் காசு கட்டி அனுப்பினார்கள். இயக்கம் பிடிக்கும், ஆமி பிடிக்கும், இரண்டுக்கும் தப்ப வேண்டும் என்பதுதான் கணக்கு. அப்போது இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு விஷயம் இருந்தது. 16 வயது முடிந்தால் அகதி வழக்கில் பெரிய ஆளாகக் கணக்கு. காப்பாளர் இல்லை, தன் விசாரணையைத் தானே பார்க்க வேண்டும். 2015இல்தான் அதை 18 ஆக்கினார்கள். அண்ணா விசாரணை அறையில் தனியாக இருந்து, பாஷை தெரியாமல் எல்லாக் காகிதத்திலும் ஒப்பம் வைத்ததை இப்போதும் சொல்லுவார்.

சொல்லுக்கு வருகிறேன். இங்கே நீண்ட காலம் "உ.எம்.எஃப்." என்றார்கள், துணையில்லாத வயது குறைந்த அகதி. 2015 நவம்பர் 1இல் புதுச் சட்டம் வந்து, பிள்ளைகளை மாநிலங்களுக்குப் பங்கிடத் தொடங்கினார்கள். அதோடு அலுவலகங்களில் "உ.எம்.ஆ." புழக்கத்துக்கு வந்தது. கடைசி எழுத்துத்தான் மாறியது. அகதி போய் வெளிநாட்டவர் வந்தது. வழக்கு முடியும்வரை அகதி என்று சொல்ல முடியாது என்பது அவர்கள் சொன்ன நியாயம். இந்தப் பிள்ளைகளுக்காக வேலை செய்யும் அமைப்புகள் அதை எதிர்த்தன. எதிலிருந்து தப்பி வந்தார்கள் என்ற தகவலையே அந்த மாற்றம் தூக்கி எறிந்துவிட்டது என்றார்கள். எனக்கும் அதே எண்ணம்தான். அகதி என்று கேட்டால் "ஏன் ஓடி வந்தாய்?" என்று கேட்கத் தோன்றும். வெளிநாட்டவர் என்று கேட்டால் "எப்ப போவாய்?" என்றுதான் கேட்கத் தோன்றும்.

அறிவழகன்_வக்கீல்

யாழ்வாணன் தம்பி சொன்னதற்கு நேர் எதிர்த் திசையில் பிரான்ஸ் போயிருக்கிறது. அங்கே "தனித்துவிடப்பட்ட வெளிநாட்டுச் சிறார்" என்று இருந்ததை 2016இல் "துணையில்லாத சிறார்" என்று மாற்றினார்கள். ஐரோப்பிய ஒன்றியச் சொல்லோடு ஒத்துப்போகவும் ஆயிற்று, வெளிநாட்டவர் என்பதும் பெயரிலிருந்து போயிற்று. எல்லோரும் பாராட்டினார்கள். ஆனாலும், பாரிஸ் பாலங்களுக்கு அடியில் கூடாரம் போட்டுப் படுத்திருக்கும் பையன்கள் இன்னும் இருக்கிறார்கள். கோபியின் ஆட்சேபத்துக்கு இது நல்ல சாட்சி.

சுகந்தி_ஹூஸ்டன்

டெக்சாஸிலிருந்து எழுதுகிறேன். இங்கே சட்டத்தில் இருப்பது "துணையில்லாத ஏலியன் குழந்தை". 2002 உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வரையறுத்தது. மூன்று நிபந்தனைகள்: சட்டப்படியான குடிவரவு நிலை இல்லை, 18 வயது நிரம்பவில்லை, பொறுப்பேற்க அமெரிக்காவுக்குள் பெற்றோரோ சட்டக் காப்பாளரோ இல்லை. ஏலியன் என்பது அன்று புதிதாக வந்ததில்லை. 1790 குடியுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அப்போது அதற்கு அயலார் என்ற பொருள்தான், வேற்றுக்கிரகவாசி எல்லாம் பிறகு வந்தது. 2021இல் எல்லை அதிகாரிகள் "குடிமகன் அல்லாதவர்" என்று எழுத வேண்டும் என உத்தரவு வந்தது. 2025இல் ஆட்சி மாறியதும் பழைய சொல்லே திரும்ப வந்துவிட்டது. சட்டப் புத்தகத்தில் அது எப்போதுமே மாறவில்லை.

ஆனால் என்னை உலுக்குவது மூன்றாவது நிபந்தனை. ஹோண்டுராஸிலிருந்து ஒரு பாட்டி பேத்தியைக் கூட்டிக்கொண்டு எல்லைக்கு வருகிறாள் என்று வையுங்கள். அம்மா பிழைக்கப் போன நாளிலிருந்து வளர்த்தவளே பாட்டிதான். ஆனால் கையில் காப்பாளர் என்ற கோர்ட் காகிதம் இல்லை. உடனே அந்தப் பேத்தி சட்டப்படி "துணையில்லாதவள்" ஆகிறாள். பாட்டி ஒரு பக்கம், பேத்தி காப்பகத்துக்கு. அத்தை, சித்தப்பா, 19 வயது அண்ணன் யாரோடு வந்தாலும் இதே கதிதான். கூட ஆள் நிற்கும்போதே கூட ஆள் இல்லை என்று எழுதுகிறார்கள். காரணம் ஒன்றும் இல்லாமல் இல்லை. கடத்திக்கொண்டு வருகிறவனும் "நான் இவள் மாமா" என்றுதான் சொல்வான். அதைச் சரிபார்க்கத்தான் வேண்டும். ஆனால் சரிபார்க்கும்வரை சேர்த்து வைக்க முடியாதா?

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். எத்தனை பேரைப் பாட்டியும் பெரியம்மாவும் வளர்த்திருக்கிறார்கள்? அந்தச் சட்டத்தின் முன்னால் நம்மில் பாதிப் பேர் துணையில்லாத குழந்தைகள்தான்.

அறிவழகன்_வக்கீல்

சுகந்தி, இதே இடத்தைத்தான் ஐ.நா. குழந்தை உரிமைக் குழு 2005இல் தன் 6ஆம் பொதுக் கருத்துரையில் தொட்டது. அது இரண்டு வகையாகப் பிரித்தது. பெற்றோர், உறவினர் யாரும் இல்லாமல், சட்டப்படியோ வழக்கப்படியோ பொறுப்புள்ள பெரியவரும் இல்லாமல் இருப்பது துணையில்லாத குழந்தை. பெற்றோரையோ தன்னை வளர்த்தவரையோ பிரிந்திருந்தாலும் வேறு உறவினரோடு இருக்கக்கூடியது பிரிந்த குழந்தை. "வழக்கப்படி" என்பதைக் கவனியுங்கள். பாட்டிக்கு அதில் இடம் இருக்கிறது. அமெரிக்கச் சட்டம் "சட்டக் காப்பாளர்" என்று நிறுத்திக்கொண்டதால் பாட்டி வெளியே நிற்கிறாள்.

சுகந்தி_ஹூஸ்டன்

ஆமாம் சார். அப்புறம் இன்னொன்று, பிள்ளைகளே வைத்த பெயர்களையும் பதிவு செய்ய வேண்டும். எல்லைக் காவலரின் தடுப்பறையை அவர்கள் "ஹியெலேரா" என்பார்கள், ஐஸ்பெட்டி என்று அர்த்தம். குளிர்சாதனம் அந்த அளவுக்கு ஓடும். கீழே கான்கிரீட் தரை, போர்த்திக்கொள்ள அலுமினியத் தாள் மாதிரி ஒரு போர்வை, திரும்பிப் படுத்தால் சலசலவென்று சத்தம் போடும். கம்பிவலை அடித்த கூடத்துக்குப் பெயர் "பெர்ரேரா", நாய்ப்பட்டி. அரசின் ஆவணத்தில் இந்த இரண்டு சொல்லும் இருக்காது.

கோபி_வியாசர்பாடி

சரி, என் பக்க வாதத்தை ஒழுங்காக வைக்கிறேன். நீங்கள் எல்லோரும் "துணையில்லாத", "வெளிநாட்டவர்" இரண்டையும் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். உண்மையான சண்டை "சிறார்" என்பதில்தான் நடக்கிறது. 17 வயது 11 மாதம் என்றால் காப்பகம், காப்பாளர், பள்ளி. 18 என்றால் தெரு, அல்லது நாடு கடத்தல். அந்த ஒரு கோட்டை யார் போடுகிறார்கள்? இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, ஒரு புத்தகத்தில் இருக்கும் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து வயதைச் சொல்கிறார்கள். எலும்பு முனைகள் எவ்வளவு மூடியிருக்கின்றன என்பதுதான் கணக்கு. அந்தப் புத்தகம் குரூலிக், பைல் என்ற இரண்டு பேர் தொகுத்தது. இன்றும் புழங்குவது 1959ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் இருக்கும் படங்கள் 1930களில், 40களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வசதியான வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளிடம் எடுத்தவை. அந்தப் பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிட்டார்களா, வளர்ந்தார்களா என்று பார்க்க எடுத்தது. மாலியில் பிறந்து, சஹாராவைத் தாண்டி, படகில் பட்டினி கிடந்து வந்த ஒருவன் பிறந்த தேதியைச் சொல்வதற்காக எடுத்தது இல்லை. எலும்பின் முதிர்ச்சிக்கும் வயதுக்கும் இடையில் ஓரிரு வருஷம் முன்னே பின்னே இருப்பது சாதாரணம்.

சுவீடனில் இந்தச் சந்தேகத்துக்கே ஒரு வசைச்சொல் உண்டு, "தாடிக் குழந்தைகள்". 2015இல் மட்டும் அங்கே 35,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் தனியாக வந்து தஞ்சம் கேட்டார்கள். அரசின் சொல் "தனியாக வருகிறவர்கள்", கேட்க மரியாதையாகத்தான் இருக்கும். அதன் பக்கத்திலேயே தாடிக் குழந்தையும் முளைத்தது.

மலர்விழி_பார்சிலோனா

கோபி, இதைக் கட்டுரையில் தனிப் பகுதியாகவே வைக்கிறேன். ஸ்பெயினில் இதற்காக நிறைய வழக்கு நடந்திருக்கிறது. செல்லத்தக்க கடவுச்சீட்டு இருக்கும் பிள்ளையை "ஆவணம் இல்லாதவன்" என்று வைத்து எக்ஸ்ரேக்கு அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில் சொன்னது. எக்ஸ்ரேயை மட்டும் நம்பி வயதை முடிவு செய்தது பிள்ளையின் உரிமையை மீறியது என்று 2018இல் ஐ.நா. குழு சொன்னது. அதற்குப் பிறகும் பல வழக்குகளில் அதே முடிவு வந்தது.

18 முடிந்த அன்று நடப்பதையும் சொல்ல வேண்டும். இங்கே என் தெருவில் ஒரு பையன், கானரித் தீவில் கயுகோவில் வந்து இறங்கியவன். கயுகோ என்பது செனகல் மீனவர்களின் நீளமான மரப் படகு. இப்போது பேக்கரியில் அதிகாலை வேலை. காப்பகத்தில் இருந்தவரை அவனுக்குப் பல் டாக்டர் உட்பட எல்லாம் உண்டு. பிறந்தநாள் வந்ததும் ஒரு பையில் துணி, கையெழுத்துப் போட ஒரு காகிதம், அவ்வளவுதான். 2021 அக்டோபரில் குடிவரவு விதியைத் திருத்தியதால்தான் அவனுக்கு வேலை செய்யும் அனுமதியோடு கார்டு கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் வந்தவர்கள் எத்தனையோ பேர் காகிதம் இல்லாமல் தெருவுக்குப் போனார்கள். அவர்களைத்தான் ஊர் மெனா என்று சுட்டிக் காட்டியது. அப்போது அவர்களுக்கு 19, 20 வயது. சட்டப்படி அவர்கள் மெனாவே இல்லை.

இளம்பரிதி

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றுகிறது, அது ஸ்பெயினின் சொந்தப் பிள்ளைகளின் கதை.

1937 மே மாதம், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் கெர்னிகா நகரம் குண்டுவீச்சில் அழிந்த சில வாரங்களில், "ஹபானா" என்ற கப்பல் பில்பாவோ துறையிலிருந்து கிட்டத்தட்ட 4,000 பாஸ்க் (வட ஸ்பெயின்) பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனுக்குப் போனது. ஆசிரியைகளும் சில பாதிரியார்களும் கூட இருந்தார்கள், பெற்றோர் இல்லை. சட்டையில் எண் எழுதிய அட்டை. அதே வருஷம் நானூற்றுச் சொச்சம் பிள்ளைகள் மெக்சிகோவின் மொரேலியாவுக்குப் போனார்கள். சோவியத் நாட்டுக்கும் போனார்கள். இன்றைய வரையறைப்படி இவர்களும் துணையில்லாத வெளிநாட்டுச் சிறார்தான். ஆனால் ஸ்பானிய மொழி இவர்களை "போரின் பிள்ளைகள்" என்றே அழைக்கிறது. மொரேலியாவுக்குப் போனவர்கள் இன்றும் "மொரேலியாவின் பிள்ளைகள்". 1960 முதல் 62 வரை கியூபாவிலிருந்து 14,000 பிள்ளைகள் பெற்றோரின்றி மயாமிக்குப் போனபோது அந்தத் திட்டத்துக்கு "பெட்ரோ பான்" (பீட்டர் பேன்) என்று கதைப்புத்தகப் பெயரே கிடைத்தது. எந்தப் பிள்ளை வரவேற்கப்பட்டதோ அதன் பெயரில் "பிள்ளை" இருக்கிறது, அல்லது ஒரு கதை இருக்கிறது. யாரை வேண்டாம் என்றார்களோ அவர்களுக்கு எழுத்துகள்தான் மிஞ்சின.

இன்னொன்று, மொரோக்கோ, அல்ஜீரியப் பிள்ளைகள் தங்களை "ஹர்ராகா" என்பார்கள். எரிக்கிறவர்கள் என்று பொருள். எல்லையை எரிக்கிறார்கள், அடையாளக் காகிதத்தை எரிக்கிறார்கள். அதில் பரிதாபத்துக்கு இடமில்லை. நான் துணிந்து கிளம்பினேன் என்கிறது.

யாழ்வாணன்_பிராங்பேர்ட்

இளம்பரிதி, ஹர்ராகாவுக்குத் தனிப் பக்கமே வேண்டும்.

தலைப்பு பற்றி என் கருத்து. "அநாதை" வேண்டவே வேண்டாம். எங்கள் அண்ணாவுக்கு ஊரில் அம்மா அப்பா இருந்தார்கள், கடிதம் போட்டார்கள். இப்போது வருகிற பிள்ளைகள் அம்மாவோடு வாட்ஸாப்பில் பேசுகிறார்கள். "கைவிடப்பட்ட" என்பதும் பிழை, காணியை ஈடு வைத்து அனுப்பியவர் கைவிட்டவரா?

கோபி_வியாசர்பாடி

"மைனர்" வேண்டாம். நம் ஊரில் அதற்குத் தங்கச் சங்கிலி போட்டுச் சுற்றுகிறவன் என்று வேறு ஒரு அர்த்தம் இருக்கிறது. "ஆதரவற்ற" என்பதும் வேண்டாம், நம் பேப்பர்களில் அது முதியோர் இல்லச் செய்திக்குப் போய்விட்டது.

சுகந்தி_ஹூஸ்டன்

"துணையற்ற" என்றால் அது பிள்ளையின் நிரந்தர நிலை மாதிரி இருக்கிறது. "துணையின்றி வந்த" என்றால் வந்த விதத்தை மட்டும் சொல்கிறது. வந்த பிறகு துணை கிடைக்கலாம், கிடைக்க வேண்டும். பாட்டி விஷயத்தையும் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள் மலர்விழி, இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் எல்லோரும் நிஜமாகவே தனியாக வந்தவர்கள் என்று நினைப்பார்கள்.

மலர்விழி_பார்சிலோனா

அப்படியே செய்கிறேன். தலைப்பு "துணையின்றிப் புலம்பெயர்ந்த சிறார்". உள்ளே முழுக்கப் பிள்ளை, சிறுவர், சிறுமி என்று எழுதுவேன். மெனா, உ.எம்.ஆ. போன்ற சுருக்கங்கள் வரலாற்றுப் பகுதியில் மட்டும் வரும், வரும் இடத்தில் முழு விரிவோடு வரும். எந்தச் சுருக்கத்துக்கும் பன்மை விகுதி போடப் போவதில்லை. வயதுச் சோதனைக்குத் தனிப் பகுதி. கோபி, அதை நீங்களே எழுதித் தர முடியுமா?

கோபி_வியாசர்பாடி

எழுதுகிறேன் அக்கா. ஞாயிற்றுக்கிழமைக்குள் தருகிறேன். கிளீவ்லாந்துப் படங்கள் எதற்காக எடுக்கப்பட்டன என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன், சட்டத் தீர்ப்புகளை அறிவழகன் சார் ஒரு தடவை பார்த்துத் தரட்டும்.

அறிவழகன்_வக்கீல்

அனுப்புங்கள், பார்க்கிறேன். ஒரு வேண்டுகோள்: வரையறைப் பகுதியில் "பாதுகாப்பு தேவைப்படும்" என்று எழுதுவதோடு நிறுத்தாமல், பாதுகாப்புக் கொடுக்க வேண்டியவர் யார் என்பதையும் அதே வாக்கியத்தில் எழுதுங்கள். ஸ்பெயினில் அது அந்தந்தத் தன்னாட்சி மாகாண அரசு.